நிரை முடியாம மலை இறங்க மாட்டோம்

1

எனக்கு எழுபத்தெட்டு வயசு. பெத்தது நாலு, வளர்த்தது ஆறு. கூட ரெண்டு எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. கப்பல்ல வந்து மண்டபம் முகாமில கிடந்தப்ப, பக்கத்துல பாய் போட்டிருந்தவ காய்ச்சல்ல போயிட்டா. அவ பிள்ளைங்க ரெண்டும் என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. பிடிச்ச கையை நான் எடுத்துவிடல. அவ்வளவுதான்.

அக்கரையில, இலங்கையில, நம்ம தேயிலைத் தோட்டத்து வாசிகசாலைக்கு மலர் ஒண்ணு போடுறாங்களாம். என் தங்கச்சி மகன் போன் பண்ணினான். "பெரியம்மா, வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்க எல்லாரும் எழுதுறாங்க. கனடாவில இருந்து ஒருத்தர், லண்டன்ல இருந்து ஒருத்தர். நீங்களும் எழுதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அடேய், நான் இருக்கிறது நீலகிரி. இது வெளிநாடாடா?"

"எங்களுக்கு வெளிநாடுதானே பெரியம்மா."

போனை வச்ச பிறகு யோசிச்சேன். அவன் சொன்னது சரிதான். எங்களுக்குக் கொடுத்த அட்டையில தாயகம் திரும்பியவங்கன்னு போட்டிருந்துச்சு. திரும்புறதுன்னா விட்டுப்போன இடத்துக்குத்தானே திரும்பணும்? நான் பொறந்தது அங்க, சமைஞ்சது அங்க, தாலி கட்டினதும் அங்க. கண்ணால பாக்காத மண்ணுக்கு ஒருத்தி எப்படித் திரும்புவா? ஐம்பது வருஷம் ஆகப் போகுது. இன்னிக்கும் கடைக்குப் போனா, "சிலோன்காரம்மாவுக்கு என்ன வேணும், பாரு"ன்னுதான் சொல்றாங்க. அதனால நான் வெளிநாட்டுக்காரிதான். எழுதுறேன்.

ரெண்டாம் வகுப்பு வரைக்கும் போனவ நான். எழுத்து பெருசு பெருசா இருக்கும். ஒரு வரி எழுதி, அடுப்பைப் பார்த்துட்டு வந்து அடுத்த வரி எழுதுவேன். அவசரப்படாதீங்க.

2

நாங்க இருக்கிறது ஊட்டியில இருந்து கூடலூர் போற ரோட்டுல, நடுவட்டத்துக்குக் கொஞ்சம் கீழ. காலையில கதவைத் திறந்தா மஞ்சு மூட்டம் உள்ள வந்துரும். சில நாள் வாசல்ல காட்டுமாடு நிக்கும், நாமதான் ஒதுங்கிப் போகணும். தேயிலை அதே தேயிலைதான். மழையும் அதே மழைதான். பேச்சுதான் வேற. வந்த புதுசுல கடையில போய் "சீனி குடுங்க"ன்னு கேட்டா, "சக்கரையா?"ன்னு சிரிப்பாங்க. டீயைத் தேத்தண்ணின்னு சொன்னா பக்கத்துல இருக்கிறவ இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லுவா. இப்ப என் பேத்தி என்னை அம்மிச்சின்னு கூப்பிடுறா. அவ அப்பா கோயமுத்தூர்ப் பக்கம், அங்க அப்படித்தான். நம்ம பக்கம் அம்மாயி. நான் ரெண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

பேத்தி யாழினி, என் மூத்தவ மக, கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கிறா. படிச்சு முடிச்சா ஜெர்மனி போகணுமாம். போகட்டும். எங்களைக் கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க, அவ காசு கட்டி ஏறப் போறா. வேற என்ன வித்தியாசம்?

என் மூத்தவ தவமணி. கணக்கு டீச்சர். இந்த மலரில எழுதணும்னா அவளைப் பத்தித்தான் எழுதணும். கனடாக்காரர் வீட்டைப் பத்தி எழுதட்டும், லண்டன்காரர் காரைப் பத்தி எழுதட்டும். எனக்கு எழுத இருக்கிறது இவதான்.

அவ இங்க அஞ்சாம் வகுப்பு படிக்கிறப்ப, இன்ஸ்பெக்டர் வர்றாருன்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. வாத்தியார் எங்க பிள்ளைங்களை எல்லாம் எழுந்திருக்கச் சொல்லி, "சிலோன் பிள்ளைங்க நாளைக்கு வர வேண்டாம், லீவு"ன்னுட்டார். மத்த பிள்ளைங்க குதிச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடி வந்துச்சு. இவ மட்டும் வாசல்லயே நின்னா.

"ஏம்மா எங்களுக்கு மட்டும் லீவு?"

எனக்குப் புரிஞ்சுருச்சு. அவங்க அப்பா, "ஒரு நாள்தானே, விடு"ன்னார். நான் விடல. மறுநாள் வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போகாம, அவளைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கிட்டுப் போய் வகுப்புல உட்கார வச்சுட்டு வாசல்லயே நின்னேன். இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்டார். இவளுக்குப் பதில் தெரியல. நெஜமாத் தெரியல. வாத்தியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அப்படி ஒரு பார்வை. "இதுக்குத்தான் சொன்னேன்"னார்.

அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியில தவமணி சொன்னா, "நான் டீச்சராவேன்." அழுதுக்கிட்டு சொல்லல. கோவமா சொன்னா.

டீச்சருக்குப் படிக்கப் போனப்ப சாதிச் சான்று கேட்டாங்க. தாசில்தார் ஆபீசுல, "உங்க சொந்த ஊரு எது? அங்க போய் வாங்கிட்டு வாங்க"ன்னாங்க. என் மாமனாரோட அப்பா திருச்சிப் பக்கமாம். எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்? திருச்சிக்குப் போனா, "நீங்க இருக்கிறது நீலகிரி, அங்க கேளுங்க"ன்னு திருப்பி அனுப்பினாங்க. அவங்களுக்கும் எங்களைத் திருப்பி அனுப்பத்தான் தெரிஞ்சுது. ஒரு வருஷம் அலைஞ்சோம். அந்த வருஷம் இவ சும்மா இருக்கல, எங்க லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைங்களைக் கூட்டி வச்சுக் கணக்கு சொல்லிக் கொடுத்தா. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

3

உங்களுக்கு நிரை தெரியும். இந்த மலரைப் படிக்கிற சின்னப் பிள்ளைங்களுக்குத் தெரியாம இருக்கலாம், அதனால சொல்றேன். கொழுந்து எடுக்கிற மலையில ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை. கீழ இருந்து ஆரம்பிச்சு மேல ஏறணும். கை வேகமானவ சீக்கிரம் மேல போயிருவா. ஒருத்தி பிள்ளைத்தாச்சியா இருப்பா, ஒருத்திக்கு முதுகு பிடிச்சிருக்கும், ஒருத்தி புதுசா வந்தவளா இருப்பா. மேல போய்ச் சேர்ந்தவ அங்கயே உட்கார்ந்து வெத்திலை போட மாட்டா. பின்தங்கினவ நிரையில மேல் பக்கம் இறங்கி, கீழ பார்த்து எடுத்துக்கிட்டே வருவா. இவ கீழ இருந்து, அவ மேல இருந்து. நடுவுல ரெண்டு பேரும் சந்திப்பாங்க. எடுத்த கொழுந்து எல்லாம் பின்தங்கினவ கூடைக்குத்தான். எல்லா நிரையும் முடிஞ்சாத்தான் மலை முடிஞ்சதுன்னு கணக்கு. ஒருத்தியை விட்டுட்டு நிறுவைக்கு இறங்கினா அது அசிங்கம்.

தவமணி அதைக் கணக்குக்குக் கொண்டு போயிட்டா. கணக்கை முடிச்ச பிள்ளை, முடிக்காத பிள்ளைகிட்டப் போகணும். போய் விடையில இருந்து பின்னால வரணும். "கடைசியில இது வரணும்னா, அதுக்கு முன்னால என்ன இருந்திருக்கணும்?"னு கேக்கணும். அந்தப் பிள்ளை முன்னால இருந்து போட்டுக்கிட்டே வரணும். நடுவுல ரெண்டும் சந்திக்கும். ஒரே ஒரு சட்டம் மட்டும் மலையில இருந்து மாத்தினா. மலையில நாங்க கிள்ளியே கொடுத்துருவோம். வகுப்புல கிள்ளக் கூடாது. அடுத்த பிள்ளையோட பென்சிலைத் தொட்டா அன்னிக்குக் கரும்பலகை துடைக்கணும். வாயாலதான் கேக்கணும், எழுதுற கை அந்தப் பிள்ளை கைதான்.

விஞ்ஞானமும் அப்படித்தான். புத்தகத்துல தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும்னு இருக்காம். இவ ஸ்டவ்வையும் சூடு பாக்கிற கண்ணாடிக் குழாயையும் வகுப்புக்குக் கொண்டு போய்க் கொதிக்க வச்சுக் காட்டினா. தளதளன்னு கொதிக்குது, குழாய் நூறைத் தொடவே இல்ல. மலை மேல அப்படித்தானாம், காத்து லேசாம். "பார்த்ததை எழுதுங்க. ஏன்னு அதுக்குக் கீழ எழுதுங்க"ன்னாளாம். ஒரு பிள்ளை, "அதனாலதான் எங்க அம்மா பருப்பு வேகலைன்னு திட்டுது"ன்னு எழுதுச்சாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

மத்தப் பள்ளிக்கூடத்து டீச்சருங்க கேள்விப்பட்டு வந்து பார்த்தாங்க. அப்புறம் மேலயே ஏற்பாடு பண்ணி, மாசத்துல ரெண்டு சனிக்கிழமை இவ டீச்சருங்களுக்கே வகுப்பு எடுக்கணும்னு ஆச்சு. பைக்காராவுல இருந்து வருவாங்க, கூடலூர்ல இருந்து மலையாளம் கலந்து பேசுறவங்க வருவாங்க, கோத்தகிரியில இருந்துகூட வருவாங்க. எத்தனையோ வருஷமா நடக்குது. சம்பளம் கூடல. பஸ் காசு கைக்காசு. ஒரு பண்டிகைக்கு நிம்மதியா வீட்டுல உட்கார்ந்தவ இல்ல. கேட்டா, "அம்மா, ஒரு டீச்சர் மாறினா நாப்பது பிள்ளை மாறும்"னுவா. பெரிய வேலை எதுக்கும் எழுதிப் போடல. கூடப் படிச்சவங்க எல்லாம் ஹெட்மாஸ்டர், ஆபீசர். இவ இன்னும் சாக்பீஸ் தூளோட வீட்டுக்கு வர்றா.

4

இப்ப நடந்ததைச் சொல்றேன்.

இந்தத் தோட்டங்கள்ல இப்ப நம்ம ஆளுங்க பிள்ளைங்க குறைவு. எல்லாம் திருப்பூர், கோயமுத்தூர்னு இறங்கிருச்சு. கொழுந்து எடுக்க ஜார்க்கண்டுல இருந்து ஆளுங்க வர்றாங்க. அவங்க பிள்ளைங்கதான் பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருக்கு. அதுல ஒண்ணு சுனிதா. வந்து கொஞ்ச நாள்தான். தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசும். கணக்குல மெதுவு. ஆனா விடாது.

மேல இருந்து ஒரு ஆபீசர் பிள்ளைங்களைச் சோதிக்க வந்தார். சின்ன வயசு, மரியாதையானவர், அதையும் சொல்லணும். டீச்சர் வெளிய இருக்கணும்னு விதியாம். தவமணியை வெளிய அனுப்பிட்டு, தாளைக் கொடுத்து எழுதச் சொல்லிட்டார். நடுவுல ஒரு போன் வந்துச்சு. உள்ள சிக்னல் இல்ல, வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தா, எழுதி முடிச்ச பிள்ளைங்க எல்லாம் எழுந்து போய், முடிக்காத பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கு! சுனிதாவைச் சுத்தி மூணு பேரு.

பயந்து ஓடிப்போய் இடத்துல உட்காரக்கூட இல்ல. ஓடணும்னு அதுங்களுக்குத் தோணல. தினமும் பண்றதைத்தானே பண்ணுதுங்க.

ஆபீசர் சுனிதாகிட்ட, "உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"ன்னு கேட்டிருக்கார்.

அது பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு, "எல்லாரும், சார்"னு சொல்லிருச்சு.

அவ்வளவுதான். காப்பி அடிச்சதுன்னு எழுதிட்டார். தவமணி உள்ள வந்து எடுத்துச் சொன்னா, பென்சிலைத் தொடலைன்னு சொன்னா, இன்னொரு தடவை தனித்தனியா வச்சுப் பாருங்கன்னு சொன்னா. அவர் தாளை அடுக்கிக்கிட்டே, மெதுவா, நல்லதுக்குச் சொல்ற மாதிரி ஒண்ணு சொன்னாராம்.

"டீச்சர், இந்த மாதிரிப் பிள்ளைங்களை இன்னிக்கு ஒரு நாள் லீவு விட்டிருக்கலாமே. மத்த இடத்துல அப்படித்தானே பண்றாங்க."

அதை வீட்டுல வந்து தவமணி சொன்னா.  இத்தனை வருஷம் கழிச்சும் அதே லீவா?

5

பத்து நாள்ல மெமோ வந்துச்சு. கண்காணிப்புல தவறு நடந்ததுன்னு ஒத்துக்கணும், அந்த முறையை இனிமே எந்த டீச்சருக்கும் சொல்லித்தர மாட்டேன்னு கையெழுத்துப் போடணும். போட்டா சனிக்கிழமை வகுப்பு நடக்கலாம். இல்லைன்னா வகுப்பு வேற ஆளுக்குப் போகும்.

அவ ஹெட்மிஸ்ட்ரஸ் படுகர் வீட்டம்மா. நல்ல மனுஷி, பயந்த சுபாவம். வீடு தேடி வர்க்கி பிஸ்கட்டுப் பொட்டலத்தோட வந்துட்டாங்க.

"டீச்சர், ஒரு கையெழுத்துத்தானுங்க. போட்டுட்டு, அப்புறம் வகுப்புல உங்க இஷ்டம் போல சொல்லிக் கொடுங்க. யாருங்க வந்து எட்டிப் பாக்கப் போறாங்க?"

"அப்ப சொல்றது ஒண்ணு, செய்யுறது ஒண்ணுன்னு ஆகாதுங்களா மேடம்?"

"ஊரே அப்படித்தானுங்க நடக்குது. நீங்க நாலு வருஷத்துல ரிட்டயர்டு. எதுக்குங்க வம்பு? அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் தேத்தண்ணி ஆத்திக்கிட்டு இருந்தேன். "வர்க்கி நல்லா இருக்கு மேடம், எந்தக் கடை?"ன்னேன்.

திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கிற என் மகன் முருகேசு போன்ல கத்தினான். "அம்மா, அக்காவைத் தூண்டி விடாத. உனக்கு வீம்பு ஜாஸ்தி."

"வீம்பு இல்லாட்டி உன்னை யாருடா வளர்த்திருப்பா?"

"எல்லாத்துக்கும் இப்படி ஒரு பதில் வச்சிரு."

"நீ கேக்கிறவரைக்கும் வச்சிருப்பேன்."

ஆனா தவமணி மனசு ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதை மறைக்கக் கூடாது. சனிக்கிழமை வகுப்புத்தான் அவ உசுரு. அது போயிட்டா, இத்தனை வருஷம் பண்ணினது எல்லாம் இந்த ஒரு பள்ளிக்கூடத்தோட நின்னு போகும். கையெழுத்துப் போட்டா வகுப்பு இருக்கும், சொல்லிக் கொடுக்க இவகிட்ட இருந்தது இருக்காது. ரெண்டு பக்கமும் நட்டம். அடுப்படியில வந்து உட்கார்ந்து கேட்டா, "நீ என்னம்மா சொல்ற?"

"நான் கணக்கு படிக்காதவ. சுனிதா தப்பு பண்ணுச்சா?"

"இல்ல."

"அப்ப தப்பு நடந்துச்சுன்னு நீ எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

"நீ சுலபமாச் சொல்லிருவ."

"சுலபம்னு யார் சொன்னா? நான் வேணா கூட வர்றேன், நீயே சொல்லு."

6

மெமோ விஷயமா அந்த ஆபீசரைப் பாக்க ஊட்டிக்குப் போனோம். பஸ்ல வளைவுக்கு வளைவு எனக்கு வாந்தி வந்துச்சு, எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே போனேன். ஆபீசுல, "அம்மா வெளிய உட்காருங்க"ன்னாங்க. உட்கார்ந்தேன். கதவு பலகைக் கதவு, கீழ இடைவெளி. எல்லாம் கேட்டுச்சு.

"டீச்சர், உங்க உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனா பரீட்சைன்னா ஒருத்தர் தனியா எழுதுறது. அதுதான் பரீட்சை."

"ஆமாங்க சார். பரீட்சையில அவங்க எழுந்தது தப்புத்தான். பரீட்சை எப்படி எழுதணும்னு நான் சொல்லித் தந்திருக்கணும், இனிமே சொல்லித் தர்றேன். அதை எழுதிக் கேளுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன். ஆனா அந்த முறை தப்புன்னு கேட்டா போட மாட்டேன்."

"வார்த்தையை நான் மாத்த முடியாது. மேல இருந்து வந்தது."

"அப்ப என் கையெழுத்து இல்லைங்க சார்."

"வகுப்பு போயிடும்."

நான் கதவு இடைவெளிப் பக்கம் காதைச் சாய்ச்சேன். அப்புறம் தவமணி குரல் கேட்டுச்சு. அஞ்சாம் வகுப்புல கேட்ட அதே கோவம், ஆனா இப்ப ரொம்ப நிதானம்.

"சார், சனிக்கிழமை எனக்கு லீவு நாளுங்களா?"

"வகுப்பு இல்லைன்னா லீவுதான்."

"அந்த நாள்ல என் வீட்டுக்கு யார் வரணும்கிறது என் இஷ்டம்தானுங்களே?"

ஆபீசர் சிரிச்சாரா முறைச்சாரான்னு எனக்குத் தெரியாது. தவமணி சொல்றா, அவர் பேனாவை மூடிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாராம்.

வெளிய வந்ததும், "என்னம்மா, முகம் இப்படி வேர்த்திருக்கு?"ன்னா.

"பஸ்ஸை நெனைச்சேன்"னேன்.

7

இன்னிக்கு சனிக்கிழமை. காலையில இருந்து மழை. வகுப்பு ஊட்டி பக்கம் மாறிப் போயிருச்சு, புது ஆள் எடுக்கிறாராம். அங்க போனாத்தான் போனதா எழுதுவாங்க. இங்க வந்தா யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்ல. அதனால எத்தனை பேர் வருவாங்கன்னு நான் கேக்கல. அண்டா நிறைய தேத்தண்ணி வச்சேன்.

பத்து மணிக்கு யாரும் வரல. பத்தரைக்கும் வரல. தவமணி நாற்காலியைத் துடைச்சதையே துடைச்சுக்கிட்டு இருந்தா. நான் அவ பக்கம் பாக்கல.

பிறகு கூடலூர் பஸ் நின்ன சத்தம். ரெண்டு பேர் குடை பிடிச்சு ஏறி வந்தாங்க. ஒருத்தி மலையாளம் கலந்து, "டீச்சரே, வைகிப் போயி, நேரமாயிருச்சு, வழியில மண்ணு சரிஞ்சு கிடக்கு"ன்னா. அப்புறம் பைக்காராவுல இருந்து ஒருத்தர், செருப்பெல்லாம் சேறு. முன்னெல்லாம் ஹால் நிறைய உட்கார்ந்திருப்பாங்க. இன்னிக்கு மூணு பேர். மூணு பேர்தான். குறைவுதான்னு நான் ஒத்துக்கிறேன், ஆனா இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

பதினோரு மணிக்கு இன்னொரு குடை. ஹெட்மிஸ்ட்ரஸ்!

"நான் வகுப்புக்கெல்லாம் வரலைங்க. இந்தப் பக்கம் வந்தேன், சும்மா டீ குடிக்கலாம்னு."

"குடிங்க. வர்க்கி வாங்கி வச்சிருக்கேன்"னேன்.

டீயைக் குடிச்சுட்டு, கையில இருந்த பையைத் திறந்தாங்க. உள்ள பென்சிலும் வெள்ளைத் தாளும். "சும்மா கொண்டு வந்தேனுங்க"ன்னு சொல்லிக்கிட்டே போய்க் கடைசி நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. எங்க மாப்பிள்ளை, தவமணி வீட்டுக்காரர், சிரிச்சுட்டார். அவர் சிரிக்கிறது அபூர்வம்.

இப்ப முன்னறையில சத்தமா இருக்கு. நான் அடுப்படியில உட்கார்ந்து எழுதுறேன், லீவுக்கு வந்திருக்கிற யாழினி மூலையில போனோட உட்கார்ந்திருக்கா. தவமணி ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தா.

"என்னம்மா எழுதுற?"

"உன்னைப் பத்தி."

"ஐயோ, பேர் போடாதம்மா. அச்சுல வந்தா யாராவது எடுத்துக்கிட்டுப் போய் ஆபீசுல காட்டுவாங்க."

"போட்டாச்சே."

"அழிச்சுரு."

"எனக்கு எழுதத்தான் தெரியும். அழிக்கிறதுக்கு நான் படிக்கல."

அவ தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போனா. போறப்ப முதுகைப் பார்த்தேன். நிமிர்ந்துதான் போனா.

யாழினி, அந்தப் போனைக் கீழ வை. இங்க வா, இதைப் படிச்சுக் காட்டு. எனக்குக் கண்ணு மங்குது, தப்பு இருந்தா சொல்லு, திருத்த மட்டும் செய்யாத. முணுமுணுக்காம சத்தமாப் படி, முன்னறை வரைக்கும் கேக்கட்டும். உங்க அம்மா பேர் வர்ற இடத்துல இன்னும் கொஞ்சம் சத்தமா.